வெடிக்க மறுத்த கார்

எங்களிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் இருந்தது. எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்துவிட்டு விற்ற வண்டி. அருப்புக்கோட்டையில் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு ஓட்டித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் ஆறாம் வகுப்போடு நின்று லாரியில் கிளீனராகப் போனவன். கர்த்தர் எனக்குக் கொடுத்த பிழைப்பு அந்தக் கார் என்று நினைத்ததால், தினமும் காலையில் பானெட்டில் கை வைத்து ஜெபம் பண்ணிவிட்டுத்தான் சாவி போடுவேன். ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் சிரிப்பார்கள். அவர்கள் எலுமிச்சம்பழம் கட்டுவார்கள், நான் சிரித்ததில்லை.

தொண்ணூறுகளில் ஒரு கோடையில் அந்தக் காருக்கு மிஸ்ஸிங் வந்தது. இப்போது வருகிற கார்களில் என்ஜினுக்கு ஒன்று என்றால் முன்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒரு மிஷினைச் சொருகினால் என்ன கோளாறு என்று நம்பர் வருகிறதாம். எங்களுக்கு அதெல்லாம் இல்லை. காதுதான் விளக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேச்சுத் திக்குகிற மனிதரைப் போல என்ஜின் நின்று நின்று இழுக்கும். எரியாமல் போன பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்து, அந்தச் சூட்டில் பற்றிக்கொண்டு 'டமார்' என்று வெடிக்கும். முதல் தடவை வெடித்தபோது டயர்தான் போய்விட்டது என்று இறங்கிப் பார்த்தேன்.

பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக் என்னைவிட மூத்தவர், வாய்த்துடுக்கானவர். என்ஜினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். வயரைப் பிடுங்கியதும் என்ஜின் சத்தம் தளர்ந்தால் அந்தச் சிலிண்டர் நல்லது. பிடுங்கியும் சத்தம் மாறாவிட்டால் அதுதான் செத்தது. எந்த வயரைப் பிடுங்கினாலும் சத்தம் தளர்ந்தது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தார். முனை கறுப்பாக இருந்தால் ஒரு கோளாறு, எண்ணெய் வழிந்தால் இன்னொரு கோளாறு. எல்லாம் செங்கல் நிறத்தில் சுத்தமாக இருந்தன.

"எல்லாம் சமமா உயிரோட இருக்கு. ஒனக்குத்தான் காதுல கோளாறு" என்றார்.

"வார வழியில கூட வெடிச்சதுண்ணே."

"எங்கிட்ட வந்தா பூனக்குட்டி மாதிரி உக்காந்துக்கிருதே. வெடிக்கும்போது கொண்டு வா, பாப்போம்."

கண்டன்சரை மாற்றினார். பாயிண்டைத் தேய்த்துச் சரி பண்ணினார். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கும், வேறு பங்கில் போடு என்றார். போட்டேன். காலையில் பட்டுப்போல ஓடும். மத்தியானம் வெடிக்கும்.

வேறு வருஷமாக இருந்திருந்தால் இது வெறும் எரிச்சலோடு போயிருக்கும். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் ஊருக்கும் ஊருக்கும் ஆகாமல் இருந்தது. சாதிச் சண்டை. எங்கேயோ ஒரு பஸ்ஸில் தொடங்கி, ஒரு சிலைக்கு வந்து, பிறகு யாருக்கு என்ன காரணம் என்றே தெரியாமல் போனது. நாட்டு வெடிகுண்டு போட்டார்கள் என்று தினமும் ஒரு ஊரின் பெயர் அடிபடும். பாதி பொய், பாதி மெய். சைக்கிள் டியூப் வெடித்தால்கூடப் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். 'நீ எந்த ஊரு?' என்று ஒருவர் கேட்டால், அவர் ஊரைக் கேட்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். திருச்சுழியைத் தாண்டி பஸ் போகவில்லை. அந்தத் திசையில் வாடகை வந்தால் நானும் காய்ச்சல் என்று சொல்லிவிடுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் நரிக்குடிப் பக்கமிருந்து ஆள் வந்து சொன்னார். என் வீட்டுக்காரியின் அக்கா புருஷன் இறந்துபோனார். சாயங்காலம் அடக்கம்.

"பஸ்ஸு இல்ல. காருல போனா வழியில வெடிக்கும். வெடிச்சா நம்மள என்னன்னு நெனப்பாங்க?" என்றேன்.

அவள் சேலை மாற்றிக்கொண்டே பேசினாள். "எங்க அக்கா அங்க பிணத்தப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. நீங்க வரலைன்னா இருங்க. நான் நடந்தாவது போறேன்."

அவள் நடந்துவிடுவாள். அது எனக்குத் தெரியும்.

பிளக்குகளைத் துடைத்துப் போட்டேன். இரண்டு பேரும் காருக்கு முன்னால் நின்று ஜெபம் பண்ணினோம். "ஆண்டவரே, போய்ச் சேருகிற வரைக்கும் இது வெடிக்காமல் காத்துக்கொள்ளும்" என்று வாய்விட்டே கேட்டேன். வேறு எதையும் கேட்கவில்லை.

திருச்சுழி வரைக்கும் கார் தங்கமாக ஓடியது. அங்கே நிறுத்திப்போட்ட பஸ்ஸின் நிழலில் உட்கார்ந்திருந்த டிரைவர் எங்களைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினார். போ என்றா, போகாதே என்றா தெரியவில்லை. வெயில் உச்சிக்கு வந்திருந்தது. ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல முள், நடுவில் வெடிப்பு விட்ட கரிசல். எதிரே ஒரு வண்டி இல்லை. வழக்கமாக ஆடு மேய்க்கிறவர்கள் இருப்பார்கள், அன்றைக்கு அவர்களும் இல்லை.

கொஞ்ச தூரத்தில் என்ஜின் ஒரு தடவை திக்கியது. என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன். மறுபடி திக்கியது. ஆக்சிலேட்டரை மெதுவாக விட்டு, மெதுவாக மிதித்து, குழந்தையைத் தாலாட்டுகிற மாதிரி ஓட்டினேன். வேப்பமரமும் தண்ணீர்த் தொட்டியும் பத்துப்பதினைந்து ஓட்டு வீடுகளும் தெரிந்தன. அந்த ஊரின் பெயரைச் சொல்ல எனக்கு மனசில்லை. அங்கே இருப்பவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான். சரியாக முதல் வீட்டுக்கு நேரே வந்தபோது 'டமார்' என்று வெடித்தது. அடுத்து இன்னொன்று. பிறகு என்ஜின் அணைந்தே போனது.

 வீடுகளுக்குப் பின்னாலிருந்து பெண்கள் அலறுவது கேட்டது. கதவுகள் சாத்தும் சத்தம். அப்புறம் ஆட்கள் வந்தார்கள்.

முதலில் ஓடி வந்தவர் பாதி முகத்துக்குச் சவரம் பண்ணியிருந்தார். இன்னொரு பாதியில் சோப்பு நுரை. தோளில் துண்டு, கையில் அருவாள். அவருக்குப் பின்னால் கம்பும் கல்லுமாக ஏழெட்டுப் பேர். கைலி கட்டிய ஒரு இளவட்டம் நேராக என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து சட்டையைப் பிடித்தான்.

"எதைய்யா எறிஞ்சீக? எங்க எறிஞ்சீக?"

"ஒண்ணும் எறியலப்பா. காரு... சைலன்சரு வெடிச்சது."

"காரு வெடிச்சா நீ எப்படி உக்காந்திருக்க?"

வெளியே இழுத்து நிறுத்தினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். பயத்தில் பல்லெல்லாம் தித்தித்தது. அப்படி ஒரு ருசி பயத்துக்கு உண்டு என்று அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. இரண்டு பேர் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைப் புரட்டினார்கள். ஒருவர் சீட்டுக்கு அடியில் கம்பால் குத்தினார். என் வீட்டுக்காரி சேலைத் தலைப்பை இழுத்து மூடி உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"எந்த ஊரு?" என்றான் இளவட்டம்.

"அருப்புக்கோட்டை."

"அருப்புக்கோட்டையில எந்தத் தெரு?"

தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்ன மாதிரி. அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். கண்ணாடியில் ஒரு சின்ன மரச் சிலுவை தொங்கியது.

"வேதக்காரங்களா?"

"ஆமாய்யா."

"வேதக்காரங்கன்னா, வேதத்துக்கு முந்தி என்ன ஆளுக?"

நல்லவேளை, சோப்பு நுரைக்காரர் குறுக்கே வந்தார். "ஏலே, அத விடு. மொதல்ல சத்தம் என்னன்னு சொல்லட்டும்."

அப்போது என் வீட்டுக்காரி காருக்குள்ளிருந்தே பேசினாள். உரக்கவே பேசினாள். "கேதத்துக்குப் போறோம்யா. நரிக்குடிப் பக்கம். எங்க அக்கா புருசன் செத்துட்டாக. இந்தக் காருக்கு ஒரு மாசமா இதே சீக்கு. மத்தியானமானா வெடிக்கும்."

"சரி தாயி, வெடிக்கட்டும். எங்க முன்னால வெடிக்கட்டும்" என்றார் நுரைக்காரர். என்னைப் பார்த்தார். "எடு. வெடிச்சுக் காட்டு. வெடிச்சா போயிக்கிட்டே இரு."

வெடிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அருவாளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். அதற்குள் விசாரணையிலேயே நிறைய நேரம் போயிருந்தது. என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. தையல் மிஷின் மாதிரி ஓடியது. முறுக்கினேன். சுத்தமாக உறுமியது. விட்டேன். அழகாக அடங்கியது. வாங்கின நாளில்கூட அப்படி ஓடியதில்லை.

"நல்லாத்தான ஓடுது" என்றார் ஒருவர்.

"ஜோராவுல்ல ஓடுது. என் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பேசிருவோமா?" என்றான் இளவட்டம். யாரும் சிரிக்கவில்லை.

நான் ஆண்டவரிடம் பேசினேன். ஒரு மாசமாக இதைச் சரியாக்கும், சரியாக்கும் என்று கேட்டேனே, இங்கே வைத்தா சரியாக்க வேண்டும்? என் வாழ்நாளில் அப்படி ஒரு ஜெபத்தை நான் பண்ணினதில்லை. 'கர்த்தரே, இது கெட்டுப்போகட்டும். இப்போதே கெட்டுப்போகட்டும்' என்று கேட்டேன். என்ஜின் பூப்போல ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வழி இருந்தது. என்ஜினை முறுக்கிவிட்டுச் சாவியை ஒரு நொடி அணைத்து மறுபடி போட்டால், எந்தப் பெட்ரோல் காரும் சைலன்சரில் வெடிக்கும். லாரி செட்டில் விளையாட்டாகச் செய்து அடி வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கை சாவிக்குப் போனது. அப்படியே நின்றது. அந்த இளவட்டம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். கையால் வெடிக்க வைத்துக் காட்டினால், முதலிலும் கையால்தான் வெடிக்க வைத்தாய் என்றுதானே ஆகும்? கையை எடுத்து ஸ்டியரிங் மேல் வைத்தேன். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தேன்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பட்டறையில் மெக்கானிக் எப்போது பார்த்தார்? காலையில். எங்கே? மர நிழலில், பானெட்டைத் திறந்து வைத்து. வெடித்ததெல்லாம் எப்போது? உச்சி வெயிலில், ஓடிச் சூடேறின பிறகு. இப்போது நின்று ஆறிவிட்டது, நன்றாக ஓடுகிறது. அப்படியானால் பெட்ரோலும் இல்லை, பிளக்கும் இல்லை. சூடேறினால் சாகிற, ஆறினால் பிழைக்கிற ஏதோ ஒன்று. பேட்டரி கரண்டைப் பெரிசாக்கிப் பிளக்குகளுக்கு அனுப்புகிற 'காயில்' என்று ஒன்று உண்டு. டம்ளர் அளவு டப்பா. அதை யாரும் தொட்டே பார்க்கவில்லை.

"அண்ணாச்சி, இது சூட்டுக் கோளாறு. ஆறுனா ஓடும், சூடேறுனா வெடிக்கும். பானெட்ட மூடிவச்சு ஓடவிடுறேன். கொஞ்ச நேரம் நில்லுங்க" என்றேன்.

"ஏமாத்துறான்ணே. நேரம் கடத்துறான். பின்னால ஆளு வருது போல" என்றான் இளவட்டம்.

அந்த வார்த்தை கேட்டதும் எல்லோரும் திரும்பி ரோட்டைப் பார்த்தார்கள். அப்போதுதான் அவர்கள் முகங்களை நான் சரியாகப் பார்த்தேன். என்னைவிடப் பயந்திருந்தார்கள்.  பயந்தவன் கையில் இருக்கிற அருவாளுக்கு நிதானம் இருக்காது.

"நிப்போம். ரெண்டு பேரு ரோட்டப் பாருங்க" என்றார் நுரைக்காரர்.

நின்றோம். கார் ஓடியது. ஆயுதம் பிடித்த மனிதர்கள் காரைச் சுற்றி நின்று அதன் சத்தத்தைக் கேட்டார்கள், நாடி பிடிக்கிற வைத்தியர்கள் மாதிரி. நுரைக்காரர் கன்னத்தில் சோப்பு காய்ந்து வெள்ளைப் பொருக்காகிவிட்டது. ஒரு தடவை என்ஜின் லேசாக அசங்கியது. எல்லோரும் ஒரு அடி பின்னால் வைத்தார்கள். மறுபடி சீரானது. யாரோ ஒருவர் "ச்சே" என்றார். எனக்கும் அதே வார்த்தைதான் வாயில் வந்தது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

பிறகு திக்கியது. ஒன்று. இன்னொன்று. காரே நடுங்கியது. நான் மெதுவாக மிதித்தேன்.

'டமார்!'

எதிர்பார்த்து நின்றவர்கள்தான். ஆனாலும் கம்பைப் போட்டுவிட்டு மூன்று பேர் ஓடிவிட்டார்கள். இளவட்டம் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். நுரைக்காரர் மட்டும் நின்ற இடத்தில் நின்று, சைலன்சரிலிருந்து வந்த புகையைக் குனிந்து பார்த்தார். ஒரு சுவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "இந்த எழவுக்கா நான் உலையப் போட்டுட்டுப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுனேன்? அந்தக் காரத் தூக்கிக் கெணத்துல போடுங்கய்யா!"

"மாப்ள, குண்டு போயிருச்சு, எந்திரிச்சு வா" என்று ஒருவர் தொட்டியைப் பார்த்துச் சொன்னார். அப்போது சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். 

சாவியை அணைத்து, போகலாமா என்று கேட்டேன். நுரைக்காரர் யோசித்தார். சிரிப்பு போய்விட்டது.

"நரிக்குடிக்குப் போகணும்னா அடுத்த காலனி வழியாத்தான் போகணும். அது அவுக ஊரு. அங்க போயி இது வெடிச்சா, எங்க திசையில இருந்து வந்த காருல்ல? நாங்கதான் அனுப்புனோம்னு ஆயிரும். சாயங்காலம் எங்க வீடெல்லாம் எரியும்." என் முகத்துக்கு நேரே வந்தார். "இனிமே இது வெடிக்கக் கூடாது. என்ன பண்ணுவியோ பண்ணு."

வெடிக்க வை என்று நின்றவர்களே வெடிக்காமல் வை என்று நின்றார்கள். பானெட்டைத் திறந்தேன். காயிலில் விரல் வைத்தேன், தோல் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஈரத்துணி சுத்துனா தாங்கும். கொஞ்சம் தண்ணி இருந்தாப் போதும்."

தண்ணீர் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தத் தொட்டியின் அடியில் பாசிதான் இருந்தது. இளவட்டம், "எங்க ஊருத் தண்ணி ஒங்க காருக்கு ஆகுமா?" என்றான். நுரைக்காரர் அவன் முதுகில் ஒன்று வைத்தார். உலை போட்டுவிட்டு ஓடியதாகக் கத்திய பெண்தான் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். நுரைக்காரர் தோளிலிருந்த துண்டை நனைத்துக் கொடுத்தார். மேல் முனையில் ஈரம் படாமல் அதைக் காயிலைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். ஸ்ஸ் என்று ஆவி வந்தது. மிச்சத் தண்ணீரை அந்தப் பெண் என் வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். "வழியில ஊத்திக்க தாயி. சொம்பு போகட்டும்."

"நிப்பாட்டாத" என்றார் நுரைக்காரர். "வெரசாவும் போகாத. வெரசாப் போனா ஓடுறேன்னு நெனப்பாக."

காலனி வந்தது. ஒரு டீக்கடை, ஒரு அம்மன் பீடம், இந்தப் பக்கம் இருந்த மாதிரியே ஓட்டு வீடுகள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் கை பெஞ்சுக்கு அடியில் போனது. எதற்குப் போனது என்று நான் பார்க்கவில்லை. என் கண் ரோட்டில் இருந்தது, காது பானெட்டில் இருந்தது. என் வீட்டுக்காரி சொம்பை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஜெபம் பண்ண எனக்கு வார்த்தை வரவில்லை. என்ன கேட்பது என்றே தெரியவில்லை. அந்த அரை பர்லாங்கில் என்ஜின் ஒரு தடவை தொண்டையைச் செருமியது. நான் மூச்சை விடவில்லை. அவளும் விடவில்லை. வீடுகள் முடிந்தன. கருவேல முள் தொடங்கியது.

கொஞ்ச தூரம் போய் நிறுத்தி மிச்சத் தண்ணீரை ஊற்றினோம். 

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். வாசலில் கால் வைத்ததும் என் வீட்டுக்காரி அக்காவைக் கட்டிக்கொண்டு அழத் தொடங்கினாள். அங்கே அழுத எல்லோரையும்விட உரக்க அழுதாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இரண்டு பெண்கள் பிடிக்க வேண்டியிருந்தது. இறந்துபோன மச்சானோடு அவளுக்கு அவ்வளவு ஒட்டு கிடையாது, ஒரு வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேச்சே இல்லை. அக்கா அவள் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்கள்: "எம் புருசன் மேல இம்புட்டுப் பாசம் வச்சிருக்கான்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அவள் மறுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் அந்த அக்கா அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.